குழந்தைகள் புற்றுநோய் வார்டு நடுவே 12 × 20 மீட்டர் முற்றம்: தோட்டம் எப்படி அமைப்பது?

வரைமேசை:

வணக்கம். சென்னையில் ஓர் அறக்கட்டளை மருத்துவமனை, குழந்தைகள் புற்றுநோய்ப் பிரிவு. இரண்டு வார்டு பிளாக்குகளுக்கு நடுவே 12 × 20 மீட்டர் முற்றம் சும்மா கிடக்கிறது. நீளவாக்கு வடக்கு தெற்கு. கிழக்கிலும் மேற்கிலும் நான்கு மாடி, ஏறத்தாழ 16 மீட்டர் உயரம். வடக்கே தரைத்தள வராந்தா. தெற்கே காம்பவுண்டு சுவர் வரை திறப்பு. அடியில் பார்க்கிங் கிடையாது, நேராக மண்தான்.

கீமோ எடுக்கிற குழந்தைகள், ஓபிக்கு வருகிறவர்கள், வலித்தணிப்பு சிகிச்சையில் படுத்த படுக்கையாக இருக்கிறவர்கள், கூட இருக்கும் வீட்டார் என எல்லோருக்கும் சேர்த்து ஒரே தோட்டம். நிர்வாகம் கொடுத்த பட்டியல்: நடுவில் நீரூற்று, சுற்றிலும் புல்தரை, கார்ட்டூன் சிலைகள், நன்கொடையாளர் கல்வெட்டு. டாக்டர்கள் தரப்போ "மண்ணே வேண்டாம், டைல்ஸ் போட்டு பிளாஸ்டிக் செடி வையுங்கள்" என்கிறது. தண்ணீர், மண், செடி, தரை, படுக்கை வந்து போகும் அகலம், இதில் எதைப் பற்றித் தெரிந்தாலும் எழுதுங்கள்.

கையுறை:

தொற்றுத்தடுப்புப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

நீரூற்று வேண்டாம். சின்னது, ஃபில்டர் போட்டது, சுவரில் வழிவது, எதுவுமே வேண்டாம். நிமோனியா உண்டாக்கும் லெஜியோனெல்லா பாக்டீரியா 25 முதல் 45 டிகிரி வரை செழித்து வளரும். சென்னையில் தேங்கி நிற்கும் தண்ணீர் பெரும்பாலும் அந்தச் சூட்டில்தான் இருக்கிறது. தண்ணீர் சிதறினால் நுண்திவலையாக மூச்சில் ஏறும். மிஸ்ட் ஃபேன், ஸ்பிரிங்க்ளர், ஹோஸ் பைப்பில் விரலை வைத்துப் பீய்ச்சுவது எல்லாம் அதே கணக்குதான். சொட்டுநீர் மட்டும் போடுங்கள். ஏசியின் கூலிங் டவர் எங்கே இருக்கிறது, காற்று அங்கிருந்து முற்றத்துக்கு வருகிறதா என்றும் பாருங்கள். இதை யாரும் கேட்பதே இல்லை.

எந்தத் தண்ணீர் என்பதும் முக்கியம். நம் ஊர் மருத்துவமனைகளில் கழிவுநீர் சுத்திகரிப்பு ஆலையிலிருந்து வரும் தண்ணீரைத்தான் தோட்டத்துக்குத் திருப்பிவிடுவார்கள். மற்ற இடங்களுக்கு அது சரி. இந்த முற்றத்துக்கு அந்த லைனையே கொண்டுவராதீர்கள். தனி குழாய், நல்ல தண்ணீர்.

மண்ணைப் பற்றி டாக்டர்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை எரு, மட்கும் சருகு, மரப்பட்டைத் தூள், ஈரத் தேங்காய்நார் எல்லாவற்றிலும் வளரும். வித்து 2 முதல் 3 மைக்ரான், நுரையீரலின் அடி வரை போய்விடும். நியூட்ரோஃபில் (கிருமியை எதிர்க்கும் வெள்ளணு) எண்ணிக்கை ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 500க்குக் கீழே போன குழந்தையால் அதை எதிர்க்க முடியாது. ஆனால் அந்த வித்து வெளிக்காற்றிலும் எப்போதும் கொஞ்சம் இருக்கிறது. செடி அடர்ந்து மூடிய ஈரமண்ணிலிருந்து கிளம்புவது சொற்பம். மண்ணைக் கிளறும்போதும், காய்ந்த சருகைத் துடைப்பத்தால் பெருக்கும்போதும், புளோயர் அடிக்கும்போதும்தான் அளவு ஏறுகிறது. அதனால் மண் இருக்கலாம், திறந்து கிடக்கக் கூடாது. மேலே மரப்பட்டை பரப்பும் வழக்கம் இங்கே கூடாது. தரைமூடிச் செடி போடுங்கள். எரு வைப்பது, தொட்டி மாற்றுவது எல்லாம் குழந்தைகள் வராத நேரத்தில், மண்ணை நனைத்துவிட்டு. மண் மூட்டை வார்டு லிஃப்டில் ஏறக் கூடாது.

அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி 2003இல் வெளியிட்ட மருத்துவமனைச் சூழல் வழிகாட்டியில், எதிர்ப்புசக்தி குறைந்த நோயாளிகள் இருக்கும் பகுதிக்குள் பூவும் தொட்டிச்செடியும் வேண்டாம் என்று இருக்கிறது. அது அறைக்கான விதி. முற்றத்தை இரண்டாகப் பிரித்தால் அதோடு ஒத்துப் போகலாம். வராந்தாவை ஒட்டி கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து பார்க்கிற இடம் ஒன்று, கை வைக்கிற இடம் ஒன்று. யார் எதற்குப் போகலாம் என்பதை அன்றைய கவுண்டை, அதாவது அந்த வெள்ளணு எண்ணிக்கையைப் பார்த்து வார்டு சொல்லும். மஜ்ஜை மாற்று சிகிச்சைக் குழந்தைகளுக்கு ஜன்னல் மட்டும்தான்.

கொசு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கடிப்பது காலையிலும் பிற்பகல் கடைசியிலும். குழந்தைகளை வெளியே கூட்டிவருகிற நேரமும் அதுதான். தொட்டிக்கு அடித்தட்டு வைக்காதீர்கள். வாழை, புரோமீலியட் மாதிரி இலைக்கக்கத்தில் தண்ணீர் தேக்குகிற செடியும் கூடாது. முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம் போதும், ஆகவே வாராவாரம் ஒரு ஆள் சுற்றிப் பார்க்க வேண்டும்.

ரசமட்டம்:

நீங்கள் கொடுத்த அளவிலிருந்தே வெயிலைக் கணக்கிடலாம். முற்றத்தின் நடுக்கோடு சுவரிலிருந்து 6 மீட்டர், சுவர் 16 மீட்டர். சூரியன் கிட்டத்தட்ட 69 டிகிரி ஏறினால்தான் நடுவில் நேர் வெயில் விழும். மார்ச், செப்டம்பர் வாக்கில் அது பத்தே முக்காலிலிருந்து ஒன்றரை வரை, மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. இதனால் இரண்டு விஷயம். ஒன்று, புல்தரை வராது. கொரியன் புல்லுக்கு ஐந்தாறு மணி நேர வெயிலாவது வேண்டும். இங்கே ஒரே மழைக்காலத்தில் சொட்டைசொட்டையாகி மண் வெளியே தெரியும். மண் தெரிந்தால் என்ன ஆகும் என்று மேலே சொல்லிவிட்டார்கள். இரண்டு, காலை ஆறரையிலிருந்து எட்டரை, மாலை நாலரையிலிருந்து ஆறரை, இந்த இரண்டு வேளையும் உங்களுக்கு இயற்கையாகவே நிழல். மெத்தோட்ரெக்சேட் (கீமோ மருந்து), வோரிகோனசோல் (பூஞ்சைக்கான மருந்து) எடுக்கிற குழந்தைகளுக்குத் தோல் வெயிலில் சீக்கிரம் வெந்துபோகும், அந்த வகையில் இது பெரிய வரம். நடுப்பகலுக்கு மட்டும் பந்தல் போதும்.

பந்தல் போடும்போது ஒன்று கவனியுங்கள். சென்னை 13 டிகிரி வடக்கில் இருப்பதால், ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடு வரை உச்சிவெயில் தலைக்கு நேர்மேலிருந்து சற்று வடக்கே சாய்ந்து வரும். தெற்கை மட்டும் மறைத்தால் கத்திரியில் மாட்டிக்கொள்வீர்கள். துணிப்பந்தலாக இருந்தால் அரை மணி நேரத்தில் கழற்றும்படி இருக்கட்டும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் எச்சரிக்கை வரும். படுக்கைவாட்டத் தட்டைக் கம்பிகள் இருந்தால் புறா குடியேறும். புறா எச்சத்தில் கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சை உண்டு. உருளைக் குழாய் போட்டு மேலே மெல்லிய கம்பி இழுத்துவிடுங்கள்.

தெற்குத் திறப்பை எக்காரணம் கொண்டும் அடைக்காதீர்கள். மதியத்துக்குமேல் கடற்காற்று தென்கிழக்கிலிருந்து உள்ளே வர அது ஒன்றுதான் வழி. அங்கே அழகுக்குச் சுவர் எழுப்பினால் முற்றம் புழுங்கிப்போகும்.

தரை. கடப்பா கல் வேண்டாம், கறுப்பு, கொதிக்கும், மழையில் வழுக்கும். இன்டர்லாக் பேவர் பிளாக் மலிவு, எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். அதன் ஓரச் சரிவில் சக்கரம் ஏறி இறங்கும்போது நாற்காலி தடதடவென்று அதிரும். எலும்பு வலி இருக்கிற குழந்தைக்கு அந்த அதிர்வே தண்டனை. டிரிப் ஸ்டாண்டின் குட்டிச் சக்கரம் இடுக்கில் சிக்கினால் ஸ்டாண்டு அப்படியே முன்னால் சாயும், லைனும் சேர்ந்து இழுபடும். வெளிர் சாம்பல் கிரானைட், ஃப்ளேம் ஃபினிஷ் (தீயால் சொரசொரப்பாக்கியது), பெரிய பலகை, இணைப்பு மெல்லியதாக, தளமட்டத்துக்கு நிரவி. பளீர் வெள்ளை வேண்டாம், கண் கூசும். ரப்பர் தரை விழுந்தால் அடிபடாது, உண்மைதான், ஆனால் அடர் நிறமாக இருந்தால் வெயிலில் கால் வைக்க முடியாது. நிழலில் இருக்கிற மூலைக்கு மட்டும்.

அகலம்: சக்கர நாற்காலியும் பக்கத்தில் ஸ்டாண்டைத் தள்ளுகிற அம்மாவும் சேர்ந்து போக 1.8 மீட்டர். நாற்காலி திரும்ப 1.5 மீட்டர் வட்டம். கட்டில் ஏறத்தாழ ஒரு மீட்டர் அகலம், இரண்டே கால் மீட்டர் நீளம். கதவில் தடையில்லாத 1.2 மீட்டர், நிறுத்தும் இடத்தில் இரு பக்கமும் ஆள் நிற்க 2.5 மீட்டர். பாதை முட்டுச்சந்தாக முடியாமல் சுற்றி வந்து சேரட்டும். சரிவு 1:20க்கு மேல் வேண்டாம். தண்ணீர் வடியக் குறுக்குச்சரிவு 1:50 போதும். வாசலில் படி, மேடு எதுவும் இல்லாமல் சமமட்டம். அப்போது வடகிழக்குப் பருவமழையில் வராந்தாவுக்குள் தண்ணீர் ஏறும், ஆகவே வாசலுக்கு வெளியே குறுக்கே ஒரு வடிகால், அதன் சல்லடைத் துளை 12 மி.மீ.க்குள், நடக்கும் திசைக்குக் குறுக்காக.

கட்டில் நிறுத்தும் இடத்தில் மூடிபோட்ட மின் சாக்கெட் இரண்டு, நர்ஸை அழைக்கும் மணி, ஆக்சிஜன் சிலிண்டர் நிற்க ஒரு வளையம். இது இல்லாவிட்டால் வலித்தணிப்புப் பிரிவிலிருந்து ஒரு கட்டில்கூட வெளியே வராது. மருந்து ஏற்றும் பம்ப்பின் பேட்டரி தீர்ந்துவிடும் என்ற பயத்திலேயே அனுப்பமாட்டார்கள்.

செம்மண்:

செடி பத்தி நான் சொல்றேங்க. முதல்ல எதை வைக்கக் கூடாதுன்னு பாத்துடலாம். அரளி, மஞ்சள் அரளி ரெண்டும் இதயத்தை நிறுத்துற விஷம். கார்ப்பரேஷன் மீடியன்ல வளருதேன்னு இங்க கொண்டுவராதீங்க. செங்காந்தள் நம்ம மாநிலப் பூ, அழகு, ஆனா கிழங்கு முழுக்க கொல்சிசின்ங்கிற விஷம். குன்றிமணி, ஆமணக்கு, ஊமத்தை சொல்லவே வேணாம். எருக்கு, கள்ளி, நந்தியாவட்டை இதெல்லாம் பால் வடியும், கண்ல பட்டா வம்பு. டிஃபன்பாக்கியாவ எல்லா ஆஸ்பத்திரி வரவேற்பறையிலயும் வெச்சிருப்பாங்க. இலையக் கடிச்சா நாக்கும் தொண்டையும் வீங்கிடும். முள்ளு இருக்கிற காகிதப்பூ, ரோஜா, எலுமிச்சை கூடாது, பிளேட்லெட் குறைஞ்ச பிள்ளைக்குச் சின்னக் கீறலும் நிக்காம ரத்தம் வரும். எலுமிச்சைப்புல் வாசனைக்குன்னு வைப்பாங்க, அதோட இலை ஓரம் பிளேடு மாதிரி அறுக்கும். தொட்டாற்சிணுங்கிக்கும் முள் உண்டு. செம்பருத்தி விஷமில்ல, ஆனா இங்க மாவுப்பூச்சி அப்பிடும், அப்புறம் மருந்து அடிச்சாகணும்.

வாசனைல ஒரு சூட்சுமம் இருக்கு. கீமோ எடுக்கிற பிள்ளைங்களுக்கு கடுமையான வாசனை குமட்டும். மல்லிகைப் பந்தல், ஏழிலைப்பாலை இதெல்லாம் காத்துல தானா பரவி வந்து மூக்கைத் துளைக்கும், தப்பிக்க வழியில்ல. இலையைக் கசக்கினாத்தான் மணக்குற செடியா வைங்க: கற்பூரவள்ளி, துளசி, மரிக்கொழுந்து. பிள்ளைக்கு வேணும்னா தொடும், வேணாம்னா நகர்ந்துடும். கேன்டீன் எக்ஸாஸ்ட் அந்தப் பக்கம் இருக்கான்னும் பாத்துக்கங்க, சாம்பார் தாளிக்கிற நெடிக்கு முன்னாடி எந்தத் துளசியும் நிக்காது.

மூணு மணி நேர வெயில்ல நல்லா வர்றது: வெட்சி (இட்லிப்பூ), மஞ்சள், இஞ்சி, வெற்றிலைக்கொடி, பவழமல்லி. பவழமல்லிய வராந்தா பக்கம் வைங்க. ராத்திரி பூத்து விடியக்காலைல தரையெல்லாம் கொட்டிக் கிடக்கும், காம்பு ஆரஞ்சு. இலை உப்புத்தாள் மாதிரி சொரசொரன்னு இருக்கும், கற்பூரவள்ளி இலை வெல்வெட்டா இருக்கும், வெற்றிலை வழவழன்னு. கண்ணு சரியாத் தெரியாத பிள்ளைக்குக் கைக்கு வேலை இது.

கறிவேப்பிலைய ஜன்னல் கண்ணாடிக்கு வெளிப்பக்கமா, வெயில் படுற இடத்துல வைங்க. கறிவேப்பிலை அழகின்னு ஒரு கறுப்பு வண்ணத்துப்பூச்சி முட்டை போடும். புழு முதல்ல பாத்தா காக்கா எச்சம் மாதிரி பழுப்பும் வெள்ளையுமா இருக்கும், பெரிசானா பச்சையா மாறிடும், தொட்டா தலைக்குப் பின்னால ரெண்டு கொம்பு நீட்டும். முட்டையிலேர்ந்து பூச்சி வரை ஏறத்தாழ ஒரு மாசம். வார்டுல படுத்திருக்கிற பிள்ளை தினமும் பாக்கலாம். தோட்டக்காரர்கிட்ட முன்னாடியே சொல்லி வைங்க, இல்லன்னா இலைய அரிக்குதுன்னு வேப்பெண்ணெய் அடிச்சுட்டுப் போயிடுவார்.

கை வைக்கிற இடத்துக்குக் காசித்தும்பை, பட்டாசுக்காய். காசித்தும்பைக் காயத் தொட்டா வெடிச்சு விதை தெறிக்கும். பட்டாசுக்காய் காய்ஞ்சதைத் தண்ணில போட்டா பட்டுனு வெடிக்கும், நம்மூர்ப் பிள்ளைங்க எல்லாத்துக்கும் தெரியும்.

மரம் ஒண்ணே ஒண்ணு போதும். மகிழம். இலை உதிராது, அடர்த்தி, பூவைக் கோத்து விளையாடலாம். மெதுவாத்தான் வளரும். தூங்குமூஞ்சி, குல்மோகர் கிளை முறியும், 2016 வர்தா புயல்ல பாத்தோமே. நாகலிங்கம் காய் தலைல விழுந்தா அவ்ளோதான். முருங்கை கம்பளிப்பூச்சி.

கையுறை:

பட்டாசுக்காய்க்கு வைக்கிற தண்ணீர் அன்றன்றைக்குக் காய்ச்சி ஆறினதாக இருக்கட்டும், விளையாடி முடிந்ததும் கொட்டிவிடுங்கள். கவுண்ட் குறைந்தவர்களுக்கு அந்த விளையாட்டு கிடையாது. கையில் பிக் லைன் (நரம்பு வழியே மருந்து ஏற்ற வைத்திருக்கும் நீண்ட குழாய்) இருக்கிற குழந்தைக்கு அந்தப் பக்கம் மண்ணோ தண்ணீரோ படக் கூடாது. கை கழுவுகிற தொட்டி ஒன்று தோட்டத்திலிருந்து உள்ளே போகிற கதவிலேயே, குழந்தை உயரத்துக்கு ஒன்று பெரியவருக்கு ஒன்று.

மூன்றாம் மாடி:

குடும்பங்களோடு பேசுகிற வேலையில் இருக்கிறேன். மேலே எல்லோரும் குழந்தையைப் பற்றி எழுதிவிட்டார்கள். அந்த இடத்தில் அதிக நேரம் உட்காரப்போவது அம்மாதான்.

பல மருத்துவமனைகளில் 12 வயதுக்குக் கீழே உள்ள அண்ணன், அக்கா, தம்பி, தங்கையை வார்டுக்குள் விடுவதில்லை. வெளியூரிலிருந்து வந்து மாதக்கணக்கில் தங்கும் குடும்பத்தில் கூடப்பிறந்ததைப் பார்க்கக் கிடைக்கிற ஒரே இடம் இந்தத் தோட்டமாகத்தான் இருக்கும். ஆகவே தெற்கிலிருந்தோ ஓபி பக்கமிருந்தோ ஒரு தனி வழி வையுங்கள், வார்டைத் தாண்டி வருகிற மாதிரி இருக்கக் கூடாது. ஊஞ்சல், சறுக்குமரம் போட்டால் நன்றாக இருக்கிற பிள்ளை ஓடும், நோயாளிப் பிள்ளை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும். உட்கார்ந்தபடியே இரண்டு பேரும் சேர்ந்து செய்கிற ஏதாவது வேண்டும். தரையிலேயே பல்லாங்குழி, தாயக்கட்டம் செதுக்கிவிடலாம், சக்கர நாற்காலிக்காரருக்கு அதையே ஒரு மேசைமேல். மேசைக்கு அடியில் முட்டி நுழைய 65 முதல் 70 செ.மீ. இடம்.

பெஞ்சு தனித்தனி இருக்கையாக, நடுவில் கைப்பிடி வைத்து வரும், வாங்காதீர்கள். மடியில் தலைவைத்துப் படுக்க நீளமான பெஞ்சு வேண்டும், சாய்மானத்தோடு. அப்புறம் ஒரு மூலை. பின்பக்கம் சுவர், பக்கவாட்டில் தோளுயரச் செடி, மேலே ஓடு. வார்டு ஜன்னல் எதிலிருந்தும் தெரியாத மூலை. பிள்ளைக்கு முன்னால் அழ முடியாத பெற்றோருக்கு அது. நான்கு மாடிச் சுவர்கள் சூழ்ந்த முற்றத்தில் இதைக் கண்டுபிடிப்பது கஷ்டம். வரைபடத்தில் ஒவ்வொரு மாடி ஜன்னலிலிருந்தும் கோடு போட்டுப் பாருங்கள். வெளியே எடுத்துப்போக இரண்டு இலேசான நாற்காலி வையுங்கள், அப்பாக்கள் பெஞ்சில் உட்காரமாட்டார்கள், எங்காவது இழுத்துப் போட்டுக்கொள்வார்கள்.

கார்ட்டூன் சிலை வேண்டாம். நாலு வயதுக்குப் பிடிக்கும், பதினாறு வயதுப் பையன் அந்தப் பக்கமே வரமாட்டான். சாயம் போய் மூக்குடைந்த ஃபைபர் பொம்மையைவிட மனதைக் கெடுப்பது எதுவும் இல்லை. கல்வெட்டு விஷயத்தில் நிர்வாகத்தோடு சண்டை போட்டாவது நில்லுங்கள். "இன்னாரின் நினைவாக" என்று ஒரு குழந்தையின் பெயர், பிறந்த வருஷம், இறந்த வருஷம் பொறித்த பலகையை, அதே நோயோடு இருக்கிற பத்து வயதுப் பெண் எழுத்துக்கூட்டிப் படிப்பாள். நன்கொடையாளர் பெயரெல்லாம் ஓபி வாசலில் இருக்கட்டும். பிள்ளையார் சிலை யோசனை அடுத்து வரும், அதற்கும் இடம் வெளியேதான். எல்லா மதத்தவரும் வருகிறார்கள்.

தோட்டத்தில் ஊசி போடுவது, ரத்தம் எடுப்பது, ரிப்போர்ட் சொல்வது எதுவும் நடக்காது என்று வார்டோடு எழுத்தில் பேசி வையுங்கள். வெள்ளைக் கோட்டு வந்தாலே பயப்படுகிற இடமாக அது ஆகிவிடக் கூடாது.

வரைமேசை:

எல்லோருக்கும் நன்றி. மூன்று கேள்வி பாக்கி. ஜன்னல் வழியாக மட்டுமே பார்க்கிற குழந்தைகளுக்கு வடிவமைப்பில் என்ன செய்யலாம்? நிர்வாகத்திடம் காட்ட ஆய்வு ஏதாவது உண்டா? கட்டுமானம் ஜூனில் முடிகிறது, மகிழத்தை உடனே நடலாமா?

ரசமட்டம்:

ஆய்வு என்றால் ரோஜர் உல்ரிச் 1984இல் சயன்ஸ் இதழில் எழுதியது. பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனை, பித்தப்பை அறுவைசிகிச்சை முடிந்தவர்கள், ஜன்னலில் மரம் தெரிந்த 23 பேர், செங்கல் சுவர் தெரிந்த 23 பேர். மரம் பார்த்தவர்கள் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், கடுமையான வலி மருந்தும் குறைவாகத் தேவைப்பட்டது. அவர்கள் பெரியவர்கள், புற்றுநோயாளிகளும் அல்ல என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். இல்லாவிட்டால் டாக்டர்கள் முதல் நிமிடத்திலேயே மடக்குவார்கள்.

ஜன்னலுக்கு: கட்டிலில் சாய்ந்த குழந்தையின் கண் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கும். ஜன்னல் திண்டு 90 செ.மீ. என்றால் எதிர்ச்சுவர்தான் தெரியும், தோட்டத்தின் தரை கண்ணில் படாது. தரைத்தளத்தில் 60 செ.மீ.க்கு இறக்கிப் பதித்த கண்ணாடி போடுங்கள். மேல்மாடிகளிலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தோட்டம் என்பது பந்தலின் கூரைதான். அதை நடுவில் போடாமல் ஓரமாகத் தள்ளி, மேலேயும் கொடி படரவிடுங்கள். தரைக் கல்லில் இரண்டு நிறத்தில் பெரிய கோலம் இழைத்தால் நாலாவது மாடிக்கும் ஏதோ கிடைக்கும்.

செம்மண்:

ஜூன்ல நடாதீங்க. குழி ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர், அதே ஆழம். வெட்டி ஆறப் போட்டுட்டு செப்டம்பர் கடைசில நடுங்க, வடகிழக்குப் பருவமழை பிடிச்சுக்கும். பத்தடிக் கன்னு, வேர்ப்பந்து உடையாம வரணும். பையைக் கிழிச்சதும் வேர் வட்டமா சுத்தியிருக்கான்னு பாருங்க, சுத்தியிருந்தா திருப்பி அனுப்புங்க, அந்த மரம் பத்து வருஷம் கழிச்சு ஒரு புயல்ல சாயும். சுவர்லேர்ந்து நாலு மீட்டர் தள்ளி. அடித்தண்டைச் சுத்தி ஒன்றரை மீட்டர் சதுரத்துக்குக் கல் பதிக்காம விடுங்க, அந்த மண்ணுல வெற்றிலைக்கொடிய அடர்த்தியா போட்டு மூடிடுங்க.

கையுறை:

குழி வெட்டும் நாட்களில் முற்றத்துப் பக்க ஜன்னல்கள் சாத்தியிருக்க வேண்டும், வராந்தாக் கதவில் பிளாஸ்டிக் திரை. அதைவிட முக்கியம்: வார்டு ஏசிக்கு வெளிக்காற்று இழுக்கிற கிரில் முற்றத்துச் சுவரில் இருக்கிறதா என்று மெயின்டனன்ஸ் ஆளைக் கூட்டிக்கொண்டு போய் நேரில் பாருங்கள். இருந்தால், மண்வெட்டி இறங்குவதற்கு முன்னால் அதை வேறு பக்கம் மாற்றியாக வேண்டும்.